சிவப்பு நூல், நீல நூல்

எங்கள் சலவைக் கடையில் இன்றுவரை ஒரு சட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. வரும் துணிக்கெல்லாம் ஓரத்தில் நூல் தைத்துவிடுவேன். வாடிக்கைக்காரர் துணிக்கு நீலம், எங்கள் வீட்டுத் துணிக்குச் சிவப்பு. ஒரே மெஷினில் ஒன்றாகப் புரண்டாலும் வெளியே வந்ததும் பிரித்துவிடுவேன். காசுக்கு மட்டும் நூல் கிடையாது. சோப்புத்தூளும் கல்லாவிலிருந்துதான், மகளின் காலேஜ் ஃபீஸும் அதிலிருந்துதான். என் நாத்தனார் ‘கைமாற்று’ என்று வாங்கிப்போய்த் திரும்பாத பணமும் அதிலிருந்துதான்.

இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது கடை ஆசை.

“நல்லாத்தானே ஓடுது? வீட்டை அடமானம் வெச்சா பேங்க்ல குடுக்கறாங்க.”

எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. இன்னொரு கடை என்றால் இன்னொரு இஸ்திரி மேஜை. அங்கேயும் நிற்கப்போவது நான்தான். வீடும் கைவிட்டுப் போனால் இந்தத் தோளைச் சாய்க்க ஓர் இடம்கூட இருக்காது. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை.

“முதல்ல கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரிச்சுப் பாருங்க. கடை நிஜமாவே சம்பாதிச்சா வீட்டை அடமானம் வெச்சுக்கங்க” என்றேன்.

ஆடிட்டர் கடைக்கே வந்தார். எதை எழுதுவதற்கு முன்னும் மூக்கை உறிஞ்சுகிற மனுஷர். வீட்டுக்காரர் அடமானத்துக்கான பத்திரத்தைக் கையோடு எடுத்து வைத்திருந்தார், அவ்வளவு அவசரம். ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்விதான்: கடையா, வீடா? கரண்ட் பில் கடை. ஃபீஸ் வீடு. தங்கைக்குக் கொடுத்தது வந்தபோது வீட்டுக்காரர் இழுத்தார்.

“அதைக் கடைன்னு போட முடியாதா?”

ஆடிட்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு ‘வீடு’ என்று எழுதினார்.

கடைசியில் கூட்டிப் பார்த்தால், கடையில் லாபம் நின்றது. பெரிதாக இல்லை, ஆனாலும் லாபம். வீட்டுக்காரர் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி என்னைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

“சார், இஸ்திரி போட வெளியாள் வெச்சா மாசம் என்ன குடுக்கணும்?”

அவர் ஒரு தொகை சொன்னார்.

“அதையும் எழுதுங்க. கடைச் செலவுல.”

வீட்டுக்காரர் சிரித்தார். “நீ என்ன வெளியாளா?”

“அப்போ நான் கடையா, வீடா?”

சிரிப்பு நின்றது. ஆடிட்டர் மூக்கை உறிஞ்சினார், எழுதினார், மறுபடி கூட்டினார். லாபம் நின்ற இடத்தில் நஷ்டம் வந்து உட்கார்ந்தது. இத்தனை காலம் இவர் லாபம் என்று நினைத்திருந்தது என் தோள்பட்டையைத்தான்.

ஆடிட்டர் போன பிறகு வீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவே இல்லை, அசதிதான் வந்தது.

கடை அடைக்கும்போது கல்லாவைத் திறந்து பணத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு கட்டுக்கு நீல நூல் சுற்றினார், இன்னொன்றுக்குச் சிவப்பு. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதுக்கு எந்த நூல்?”

நூல் டப்பாவில் துழாவிப் பச்சையை எடுத்துக் கொடுத்தேன். அவரே முடிச்சுப் போட்டு என் கையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். கல்லா கடையுடையது. பீரோ வீட்டுடையது. கையிலிருந்த பணத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.