இருபத்தைந்து மில்லிமீட்டர்

டேப்பண்ணனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பந்தயக் கார் பட்டறையில் இருபது வருடமாக அவர் டேப்பண்ணன்தான். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு இரும்பு டேப். எதையும் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார், அளந்தால்தான் நம்புவார். புது பீரோ வந்த அன்று அதை வாசலிலேயே நிறுத்தி மூன்று தடவை அளந்தார் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படியும் பீரோ உள்ளே போகவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன். சொல்ல ஆரம்பிக்கும்போதே வாய் கசக்கிறது.

பட்டறைக்குப் புது வண்டி ஒன்று லாரியிலிருந்து இறங்கியது. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சின்னக் கார்தான். அதைப் பிரித்து, இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு, தரையோடு தாழ்த்தி, பந்தயத்துக்கு விடுவது இவர்கள் வேலை. ஓட்டப்போகிறவன் டேப்பண்ணனின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. முப்பது வயது. வாய் ஓயாது, கை பிசகாது. அந்த வருடம் முதல் பந்தயத்தில் நன்றாக ஓட்டினால் பெரிய அணி ஒன்று அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பத்து வருடமாக அவன் தவம் கிடந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

இந்த வேலையில் வண்டிமேல் ஸ்பானர் படுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபடி அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து வைப்பது. சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும், நாலு சக்கரத்துக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் அந்த அளவு போனது போனதுதான். வண்டியை எவ்வளவு தாழ்த்தலாம், தாழ்த்தினால் ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போய்வர எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரத்தில் டேப்பண்ணன் அளந்தார். டயரில் காற்றைச் சரிபார்த்து, பாதி டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, மைத்துனனை உள்ளே உட்கார வைத்து, ஸ்பிரிங் தன் இடத்தில் படிவதற்காக வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, அப்புறம்தான் டேப்பை இழுத்தார்.

"மூச்சு விடலாமா மாமா?"

"விடு. ஆனா ஆடாதே."

"மூக்கு அரிக்குது."

"அரிக்கட்டும் மாப்ள. ஓட்டறவன் கனத்தோட அளந்தாத்தான் அது அளவு."

பின்சக்கரத்தில் முன்னூற்று ஐம்பத்தாறு மில்லிமீட்டர். இரண்டாம் முறை அளந்தபோதும் அதேதான். நோட்டில் குறித்து வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து முதலாளி ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார். ஒல்லியான பையன் மாதிரி இருந்தாலும் பெரிய படிப்பு, நல்ல மரியாதை. அதற்குள் வண்டி எலும்பும் தோலுமாகப் பிரிந்து கிடந்தது, ஸ்பிரிங் நாலும் வெளியே. "கம்பெனி உயரம் யாராவது அளந்து வெச்சிருக்கீங்களா?" என்று இன்ஜினியர் கேட்டதும் டேப்பண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். முதலாளி அவரைப் பேசவே விடவில்லை.

"நீ சும்மா இருப்பா. துணி தைக்க அளவு எடுக்கறவன் மாதிரி எப்பப் பாத்தாலும் டேப்பைத் தூக்கிட்டு வந்துடறது. உனக்கு ஸ்பானர் வேலை, அதைப் பாரு. அளக்கறதெல்லாம் இனிமே படிச்சவங்க பாத்துப்பாங்க."

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். டேப்பண்ணன் கையால் வேலை கற்றவர்களும் அதில் இருந்தார்கள். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. நோட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"வெளியே என் வீட்டம்மா வண்டி நிக்குது, இதே மாடல்தான்" என்றார் முதலாளி. "அதுல அளந்துக்கோங்க."

அந்த வண்டியின் டிக்கியில் ஆறு பெட்டி டைல்ஸ் இருந்தது. முதலாளி வீட்டுக் குளியலறைக்கு. காலையில் அதைத் தூக்கி வைத்ததே டேப்பண்ணன்தான், முதுகு இன்னும் விட்டு விட்டு வலித்தது. முதலாளிக்கு அது மறந்தே போய்விட்டது. இன்ஜினியருக்குத் தெரிய வழியில்லை. குனிந்து, பொறுமையாக, சுத்தமாக அளந்தார். நல்ல வேலைக்காரர்தான், பாவம். பின்சக்கரத்தில் முன்னூற்று முப்பத்தொன்று.

இருபத்தைந்து மில்லிமீட்டர் குறைவு. "சார், டிக்கியைத் திறந்து பாருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. பக்கத்திலேயே நின்ற டேப்பண்ணன் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி, ஒரு சந்தோஷம். எழுதிக்கோ ராஜா, நல்லா எழுதிக்கோ.

அவர் போட்ட கணக்கு இதுதான். தப்பான உயரத்திலிருந்து இன்னும் தாழ்த்துவார்கள். ஷாக் அப்சார்பர் போய்வர இடமே இருக்காது, பின்பக்கம் கடைசி முட்டாக வைத்திருக்கும் ரப்பர் கட்டைமேல் போய் உட்கார்ந்துவிடும். பயிற்சி ஓட்டத்தில் வண்டி தவளை மாதிரி குதிக்கும். எல்லோரும் கையைப் பிசைவார்கள். அப்போது நோட்டை எடுத்துப் போட்டு, பத்தே நிமிடத்தில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகி உயரத்தைச் சரிசெய்து, முதலாளி முகத்தை ஒரு பார்வை பார்க்கவேண்டும். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை அவர். நினைக்கவில்லை என்பதற்காக யாரும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடப்போவதும் இல்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க, தம்பி வண்டி எப்படி வந்திருக்கு?"

"படிச்சவர் பாத்துக்கறார்."

"நீங்க பாக்கலியா?"

"நான் ஸ்பானர் பிடிக்கறவன்."

அவள் துவைத்த சட்டையை உதறுவதை நிறுத்தினாள். "யார் மேல கோபமோ அவங்ககிட்ட காட்டுங்க. அவன் உசிரே இதுலதான் இருக்கு." அவர் டி.வி. செய்தியின் சத்தத்தைக் கூட்டினார்.

வண்டியை இன்ஜினியர் சொன்ன உயரத்துக்குத் தாழ்த்தியதும் டேப்பண்ணன் கைதான். சொன்ன அளவுக்கு ஒரு மில்லி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்ஜினியர் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். வண்டி அசையவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"பின்னாடி ரொம்ப இறுக்கமா இல்ல அண்ணே? நீங்க எத்தனை வண்டி பாத்திருப்பீங்க, சொல்லுங்க."

கேட்டுவிட்டார் ஐயா, கேட்டேவிட்டார்! அண்ணே என்று கூப்பிட்டு, வாய்விட்டுக் கேட்டுவிட்டார். இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

"ரேஸ் வண்டின்னா இறுக்கமாத்தான் சார் இருக்கும்" என்றார் டேப்பண்ணன்.

பயிற்சி நாளன்று விடிந்ததிலிருந்து மழை கொட்டித் தீர்த்தது. ஓட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். மறுநாள் வெயில் பளீரென்று அடித்தது, நேராகப் பந்தயம். டேப்பண்ணன் கணக்கில் மழை இல்லை.

அப்போதும் பத்து நிமிட வேலைதான். இன்ஜினியரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே! டைல்ஸைத் தூக்கி வைத்தவனே நீதானே என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்பாரே! ஒரு தடவை சிரித்தது போதாதா? இரண்டு முறை இன்ஜினியர் நின்ற இடம் வரைக்கும் போனார். இரண்டு முறையும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பிவந்தார்.

மைத்துனனுக்கு பெல்ட்டை இறுக்கிவிட்டது அவர்தான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் கண் மட்டும் சிரித்தது.

"எல்லாம் சரிதானே மாமா? அன்னிக்கு என்னை உக்கார வெச்சு அளந்தோமே, அதை வெச்சுத்தானே?"

"எல்லாம் கணக்குப்படிதான் இருக்கு. ஆரம்பத்துல மெதுவா போ மாப்ள, ரெண்டு சுத்து வண்டியைப் பாத்துட்டு அப்புறம் வேகமெடு."

"முதல் சுத்துலயே முந்தலேன்னா அந்த அணிக்காரன் என்னை எதுக்குப் பாப்பான்? நீங்க செஞ்ச வண்டி, கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்" என்று அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

முதல் சுற்றில் ஒருவனை முந்தினான். இரண்டாம் சுற்றில் இன்னொருவனை. மேட்டிலிருந்து இறங்கி இடதுபக்கம் வளைகிற இடத்தில் பாதையில் ஒரு சின்ன மேடுபள்ளம் இருந்தது. மற்ற வண்டிகள் அதை விழுங்கிக்கொண்டு போயின. இந்த வண்டியின் பின்பக்கத்துக்கு விழுங்க இடமில்லை. கட்டையில் முட்டி எகிறியது, டயர் தரையை விட்டது, வால் சுழன்றது. ஓட்டுகிறவன் பக்கம் அப்படியே போய்ச் சுவரில் மோதியது. டேப்பண்ணன்தான் முதலில் ஓடினார். ஓடும்போதே அழுதார்.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, வலது முழங்கால் பொடிப்பொடி. உயிருக்கு ஆபத்து இல்லை, நடந்துவிடுவான், ஆனால் இனி பந்தயம் என்ற பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி நடைவழியில் இன்ஜினியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"பின்பக்க உயரம் தப்பு அண்ணே. வேறொரு புது வண்டியில போய் அளந்து பாத்தேன், இருபத்தஞ்சு மில்லி வித்தியாசம் வருது. அந்தம்மா வண்டி டிக்கியில அன்னிக்கு ஏதாவது கனம் இருந்துச்சா? உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன சார் தெரியும்?"

"நான் திறந்து பாத்திருக்கணும்" என்று இன்ஜினியர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "எழுதிக் குடுத்துட்டேன் முதலாளிகிட்ட, தப்பு என்னோடதுன்னு. வேலையை விட்டுப் போறேன். உங்க மைத்துனர்கிட்ட இன்னும் யாரும் சொல்லல, நீங்களே சொல்லிடுங்க அண்ணே, வண்டிதான் தப்புன்னு. தன்னோட தப்புன்னு அவர் நினைச்சுக்கக் கூடாது."

டேப்பண்ணன் தலையாட்டினார்.

உள்ளே மைத்துனன் கண் விழித்திருந்தான். கால் கம்பியில் தொங்கியது. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். "ராத்திரியெல்லாம் உங்களைத்தான் கேட்டுட்டிருந்தான்" என்றாள்.

"மாமா, எனக்கு அந்த வளைவு ஞாபகமே வரல" என்றான் அவன். குரல் அவனுடையதாகவே இல்லை. "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். வண்டி தப்பா இருக்க வாய்ப்பே இல்ல, அளந்தது நீங்க. அப்ப நான்தான் வளைவு நடுவுல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்திருக்கணும், அப்படி எடுத்தாத்தான் வால் சுத்தும். பயந்துட்டேன் போல. நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க, எடுத்துட்டேனா?"

மனைவி அவரைப் பார்த்தாள். மைத்துனன் பார்த்தான்.

"ஆமா மாப்ள" என்றார். "கொஞ்சம் சீக்கிரம் எடுத்துட்டே."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கி காதுக்குள் போயிற்று.

"மன்னிச்சிருங்க மாமா. உங்க உழைப்பை எல்லாம் வீணாக்கிட்டேன்."

"மாமா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாருடா" என்று அக்கா அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நீ தூங்கு."