ஸ்டார்ட் செய்யாதே

என் காரில் சத்தம் வருகிறது என்று நான் சொல்ல ஆரம்பித்து அரை வருஷம் ஆகிறது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தால் போதும், தகர டப்பாவில் முந்திரிக்கொட்டையைப் போட்டுக் குலுக்கின மாதிரி கடகடவென்று கத்தும். கொஞ்ச நேரம்தான். என்ஜின் சூடேறிவிட்டால் அப்படியே அடங்கிப் பரம சாதுவாகிவிடும்.

அங்கேதான் வினை. நெய்வேலியிலிருந்து கடலூர் ஷோரூமுக்கு ஒரு மணி நேர ஓட்டம். போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகாமல் இருக்குமா? சர்வீஸ் அட்வைசர் விஷ்ணு பானட்டைத் திறப்பார், காதைச் சாய்ப்பார், "வண்டி நல்லாத்தான இருக்கு மேடம்?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, சத்தத்தை வீட்டிலேயே பிடித்துக்கொண்டு போவோம் என்று ஒரு நாள் விடிகாலையில் போனில் வீடியோ எடுத்தேன். எங்கள் பிளாக்கில் மயிலுக்கா பஞ்சம்? நான் சாவியைத் திருகவும், மதில் மேல் நின்ற ஒன்று தொண்டை கிழியக் கத்தவும் சரியாக இருந்தது. விஷ்ணு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"மயில் சத்தம்தான் மேடம் கேக்குது."

"மயிலென்ன, என் என்ஜினுக்குள்ள குடியிருக்கா?"

"எதுவா இருந்தாலும் இதெல்லாம் நார்மல்தான் மேடம்."

அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் 'நார்மல்'. மாசக் கடைசியில் வாரண்டி முடிகிறது. முடிந்த மறுநாளே இதே விஷ்ணு அந்தச் சத்தத்தை வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார், பாருங்கள்.

வீட்டிலிருப்பவர் அவருக்கும் மேலே. என் கணவர் பாலகுமாருக்கு மைன்ஸில் வேலை, எனக்குத் தெர்மல் பவர் ஸ்டேஷனில். நான் காரை எடுப்பதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை எழுப்பி வந்து கேளுங்கள் என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

"சத்தம் வண்டியில இல்ல தேவயானி, உன் காதுல. தெர்மல்ல டர்பைன் பக்கம் போய்ட்டு போய்ட்டு வர்றல்ல?"

இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. ஷோரூம்காரர் நம்பாவிட்டால் கோபம்தான் வருகிறது. கட்டின புருஷன் நம்பாவிட்டால் அழுகை வருகிறது. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை காதுதானோ என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் வண்டியை ராத்திரி ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்தேன். "காலையில வந்ததும் நீங்களே ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க" என்று விஷ்ணுவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் போனால், அவர் வருவதற்கு முன்பே வாட்டர் வாஷ் ஆட்கள் வண்டியை எடுத்து, கழுவி, துடைத்து நிறுத்தியிருந்தார்கள். என்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது.

"பளபளன்னு இருக்கு பாருங்க மேடம்," என்றார் விஷ்ணு. அடக் கடவுளே!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் தெர்மலில் ரிப்பேர் வேலைகளுக்குப் பெர்மிட் கொடுக்கும் செக்‌ஷனில் இருக்கிறேன். ஒரு மோட்டாரில் ஆள் இறங்கி வேலை செய்தால், அதன் சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்டுவோம். டேக் என்போம். 'ஸ்டார்ட் செய்யாதே' என்று போட்டு, கீழே மாட்டினவர் பெயர் இருக்கும். மாட்டினவர் வந்துதான் கழற்ற வேண்டும். சீஃப் இன்ஜினியரே வந்து நின்றாலும் வேறு கை படக் கூடாது. உயிர் சமாச்சாரம்.

வீட்டில் கிடந்த அட்டையில் சிவப்பு பெயிண்ட் அடித்து அதே மாதிரி ஒன்று எழுதினேன். நேற்று சாயங்காலம் ஷோரூமுக்குப் போய், வாசலில் காலியாகக் கிடந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கில் கட்டினேன். விஷ்ணு கிளம்பிவிட்டிருந்தார். வாட்ச்மேன் ராஜாங்கம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"யம்மா, நீங்க தெர்மலா? நானும் அங்க காண்ட்ராக்ட்ல இருந்தவன்தாம்மா. டேக் போட்டா போட்டதுதான். சாவிய எங்கிட்ட குடுத்துட்டு வூட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

இன்று காலை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். குறிஞ்சிப்பாடி தாண்டுவதற்குள் டயர் பஞ்சர். ரோட்டோரம் நின்றுகொண்டிருக்கும்போது விஷ்ணு போன் செய்தார்.

"மேடம், எங்க இருக்கீங்க? உங்க வண்டி ஷோரூம் வாசல மறிச்சிக்கினு நிக்குது! இன்னிக்கு முகூர்த்த நாளு, புது வண்டி டெலிவரி. ராஜாங்கம் அண்ணன் சாவி தர மாட்டேங்கிறாரு. டேக் போட்டவங்க வந்துதான் கழட்டணுமாம். மேனேஜர் கேட்டதுக்கும் அதே பதில்தான்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

நான் போய் இறங்கியபோது ஷோரூமே வாசலில் திரண்டு நின்றது. மாலை போட்ட புது கார் உள்ளே. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். கையில் தேங்காயோடு பட்டுப்புடவை அம்மாள் ஒருவர், ராகு காலம் வந்துவிடும் என்று தன் கணவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார். என் காருக்கு முன்னால் நாற்காலி போட்டு ராஜாங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டாங்க பாரு! இனிமே எடுங்க, யாரு வாணாம்னா?"

நான் ராஜாங்கத்திடம் சாவியை வாங்கி, காரில் ஏறி உட்கார்ந்து பாலகுமாருக்குப் போன் போட்டேன். "லைன்லயே இருங்க. ஒண்ணும் பேசாதீங்க," என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்தேன். அட்டையை அவிழ்த்தேன். இன்றைக்கென்று பார்த்து இது வாயை மூடிக்கொண்டால் என் கதி என்ன?

சாவியைத் திருகினேன். கடகடகடவென்று அது கத்திய கத்தலில் பட்டுப்புடவை அம்மாள் தேங்காயைக் கீழே போட்டுவிட்டார். என் தங்கமே, கத்து, நன்றாகக் கத்து என்று மனசுக்குள் கொண்டாடினேன்.

விஷ்ணுவுக்கு வாய்ப் பழக்கம் விடவில்லை. "இது... நார்மல்தான் மேடம்."

"என்னாது, நார்மலா?" அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்க வண்டியும் நாளைக்கு இப்பிடித்தான் கத்துமா? ஏங்க, மாலைய கழட்டுங்க. இந்த வண்டி நமக்கு வாணாம்!"

மேனேஜர் படியில் தடுக்கி விழாத குறையாக ஓடிவந்தார். "ஐயையோ, இல்லைங்கம்மா! இது நார்மலே இல்ல! இது கோளாறு! என்ஜின பிரிச்சி, இந்த மேடத்துக்கு வாரண்டியிலயே சரி பண்ணித் தர்றோம்!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை எடுத்து மேனேஜர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"சார், அத இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. எங்க வீட்டுக்காரர் லைன்ல இருக்கார்."