டிரைவர் கீ கல்தி

புனேயை ஒட்டிய போசரியில், கோவிந்தராஜனின் பட்டறையில், எங்கும் எழுதி ஒட்டப்படாத சட்டம் ஒன்று இருந்தது. காட்டுப்பாதைக்கென்று அங்கே உயர்த்திக் கட்டிய லாரி உடைந்து திரும்பினால், சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ‘டிரைவர் கீ கல்தி.’ பிழை ஓட்டியவன்மேல். தமிழரும் மராட்டியரும் அதை இந்தியிலேயே சொன்னார்கள். பொய்க்கு எவர் வீட்டு மொழியும் வேண்டாம் என்பதுபோல. பட்டறையின் பொறியாளர் கிருஷ்ணப்ரியாவும் இதுவரை அதை மறுத்ததில்லை.

அன்று வாடிக்கையாளர் மாதவின் லாரியை முல்ஷி மலைப்பாதையிலிருந்து கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பக்கத்தில், கையில் மாவுக்கட்டோடு ஓட்டுநர் பவுன்.

கிருஷ்ணப்ரியா லாரியின் அடியில் படுத்துப் பார்த்தாள். பின் அச்சுக்கும், வண்டியைத் தாங்கும் கமான் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் நடுவே, உயரத்துக்காகச் செருகிய இரும்புக் கட்டை. ஏற்றத்தில் சக்கரம் தரையைக் கவ்வியபோது முறுக்கெல்லாம் அச்சின்மேல் திரும்பியிருக்கிறது. கட்டை நெம்புகோலாகிப் பட்டைகளைப் பாம்புபோல் நெளித்திருக்கிறது. அச்சின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ள, எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுவரும் ஷாஃப்டின் மூட்டு முறிந்தது. சுழன்றடித்த ஷாஃப்ட் பிரேக் குழாயையும் அறுத்தது. பின்னோக்கி உருண்ட வண்டியைப் பவுன் பள்ளத்தில் விடாமல் பாறையில் மோதி நிறுத்தியிருந்தார்.

அச்சிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஒரு தண்டு கொடுத்து, அதன் முன்முனையை ஊஞ்சல்போல் ஆட விட்டிருந்தால் அச்சு முறுக்கியிருக்காது. பட்டைகளும் தடையின்றி ஏறி இறங்கியிருக்கும். அவளே வரைந்து மாட்டிய தண்டு அது. இப்போது அதன் இடத்தில் வெறும் துளைகள்.

எழுந்து வந்தாள். “தண்டு எங்கீங்க சார்?”

“கழட்டச் சொன்னேன்,” என்றார் கோவிந்தராஜன். “அடியில தொங்கிண்டு, போட்டோல பார்க்கச் சகிக்கலை. கஸ்டமருக்கு ஒசரம்தாம்மா வேணும், உன் படிப்பு வேண்டாம்.”

“ஒசரத்தைக் கொடுத்துப்போட்டு முறுக்கைப் புடிக்கிறதை உருவிட்டீங்களே! ஆளு செத்திருந்தா அதுவும் போட்டோல அழகா இருந்திருக்குமுங்களா?”

“மெள்ளப் பேசு. மாதவ் வரார்.”

மாதவ் கேட்கும் முன்பே கோவிந்தராஜனின் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிட்டது. “டிரைவர் கீ கல்தி.” ஏற்றத்தில் கண்டபடி மிதித்தானாம்.

மாதவ் பவுனிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு ஊர்ப்பக்கம் போகச் சொல்லும் கை அது.

புனேவுக்குப் புதிதாக வந்த பவுனுக்கு இந்தி இன்னும் நாவில் ஏறவில்லை. “மிதிக்காம மலை எப்படி சார் ஏறும்? எறங்கித் தள்ளவா?” என்று தமிழிலேயே வெடித்தார். “இந்த வேலையும் போனா நான் எங்க போவேன்?”

மாதவ் கோவிந்தராஜனைப் பார்த்தார். அவர் கூசாமல் மொழிபெயர்த்தார்: “மாஃபி மாங் ரஹா ஹை.” மன்னிப்புக் கேட்கிறானாம்.

கிருஷ்ணப்ரியாவின் காது கொதித்தது. உடைத்த கை போதாதென்று வாயையுமா பிடுங்குவது? கிரீஸ் அப்பிய விரலால் அந்த இரும்புக் கட்டையைச் சுட்டினாள். அது பொய், அவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்று பட்டறையே கேட்கும்படி இந்தியில் சொன்னாள்:

“ஜூட், மாதவ்ஜி. மாஃபி நஹீ மாங்கி. டிரைவர் கீ கல்தி நஹீ. ஹமாரி கல்தி.”

சம்மட்டிச் சத்தங்கள் நின்றன. கோவிந்தராஜன் அவள் பெயரைச் சொல்லி அதட்டினார். அவள் பவுன் பக்கம் திரும்பி, அதையே வீட்டு மொழியிலும் சொன்னாள்:

“தப்பு எங்களுதுங்கண்ணா. சாவியைக் கொடுக்காதீங்க.”