இரண்டாவது தடம்

இன்றைக்கும் முந்தி எடுத்தால் இடுக்கி என் கைக்கு வந்துவிடும், நீ துருத்திக்குப் போக வேண்டியதுதான் என்று காலையிலேயே தம்பி தெய்சோவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். கியோட்டோவில் பெரிய சூளைகள் எத்தனையோ உண்டு. எங்களுடையது ஒரே ஒரு தேநீர்க் கிண்ணம் கொள்ளும் சூளை. கிண்ணம் நெருப்பாகச் சிவந்து, மேல்பூச்சு உருகி நனைந்ததுபோல் மினுங்கும்போது இடுக்கியால் கவ்வி வெளியே எடுக்க வேண்டும். குளிர்காற்று பட்டதும் கருத்துவிடும். முந்தினால் சொரசொரப்பு. பிந்தினால் பூச்சு வழிந்துவிடும்.

போன வசந்தத்தில் தீ அவன் முன்கையைச் சுட்டது. புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதன்பிறகு அவன் எடுத்ததெல்லாம் அரைவேக்காடு. இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறொன்றும் பிடிக்காது. இடுக்கியைப் பிடுங்கினால் ஆளே ஒடிந்துபோவான். தெரிந்துதான் சொன்னேன், அவ்வளவு எரிச்சல் எனக்கு.

துருத்தியை இழுத்துத் தள்ளினேன். கரி சீறியது, புகை கண்ணைக் கரித்தது. தெய்சோ மூடியை ஒதுக்கிப் பார்த்தான்.

"ஆயிடுச்சுக்கா."

"உன் அவசரத்துக்கெல்லாம் ஆகாது. நல்லாப் பாரு."

"மினுங்குதே."

"உன் நெத்தி வேர்வைதான் மினுங்குது."

இடுக்கியின் நுனி ஆடியது. நான் காற்றை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சூடு இறங்கி அவனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

கடைசியில் பூச்சு உருகியது. எனக்கே இங்கிருந்து தெரிந்தது.

"இப்ப எடுடா."

அவன் அசையவில்லை. இத்தனை நாள் முந்திக்கொண்டவன் இன்று உறைந்துபோய் நின்றான்.

"தெய்சோ, வழிஞ்சிரும். எடு."

இடுக்கியை உள்ளே விட்டுக் கவ்வினான். கிண்ணம் நழுவியது. மறுபடி கவ்வினான். முழங்கையில் பொறி விழுந்தும் உதறாமல், கொண்டுவந்து கல்லின்மேல் வைத்தான்.

சிவப்பு வடிந்து கருமை ஏறியது. அப்படியொரு கருப்பை அவன் கையில் பார்த்து எத்தனை மாதமாயிற்று. ஆனால் கிண்ணத்தின் விலாவில் இடுக்கி கடித்த தடம் இரண்டு இருந்தது. ஒன்று இருந்தால் அழகு. இரண்டு என்றால் கை தடுமாறியது என்று அர்த்தம், அந்தக் கிண்ணம் எங்கள் வாசலைத் தாண்டாது. எடுத்தவனுக்கு மனசு வராது என்பதால் உடைப்பது துருத்திக்காரர் வேலை. அவனுடைய அரைவேக்காடுகளையெல்லாம் கண்ணிமைக்காமல் உடைத்தவள் நான். இப்போது சுத்தியலை எடுத்துவிட்டு நின்றேன்.

"வச்சுக்கலாம்டா. யாரு எண்ணப்போறா?" நானா இப்படிப் பேசினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"நான் எண்ணிட்டேனே."

சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி ஒரே அடியில் உடைத்தான். சூளை ஓரம் அனலில் காய்ந்துகொண்டிருந்த அடுத்த கிண்ணத்தை இடுக்கியால் தூக்கி உள்ளே வைத்தான். அவன் கை ஆடவில்லை.

"என்னக்கா பாத்துக்கிட்டு நிக்கிற? ஊது."

மூக்கைச் சிந்திவிட்டுத் துருத்திக்குப் போனேன்.