ஆறு உப்பு டப்பாக்கள்

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. ஆனாலும் அண்ணன் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். புருஷனிடமிருந்து விலகி ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற அன்று, "உள்ள வா பாப்பா" என்று அண்ணன் கூப்பிட்டதில் வாசலிலேயே அழுதுவிட்டாள். மூன்று வருடத்தில் அதே 'பாப்பா' என்ற சொல் தன் கழுத்தை நெரிக்கும் என்று அன்றைக்கு அவள் கண்டாளா?

யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. சொல்லப்போனால் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். அண்ணி தையல் கடைக்குப் போய்விடுவாள். சமையல், துணி, இரண்டு பிள்ளைகளின் பாடம் எல்லாம் பாப்பாவின் தலையில். "நீ மட்டும் இல்லேன்னா இந்தக் குடும்பம் சந்தி சிரிச்சிருக்கும்" என்பாள் அண்ணி, நிஜமான நன்றியோடு. திட்டினாலாவது சண்டை போட்டுக்கொண்டு கிளம்பலாம். பாராட்டுகிறவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வேறு பெரியவர்கள் சொல்லி வைத்துவிட்டார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணன் கதவு, ஜன்னல் செய்யும் தச்சர். எப்போதோ நாற்காலிக் கால் கடையலாமென்று மரத்தைச் சுழற்றிக் கடையும் ஒரு பழைய லேத் மெஷினை வாங்கிப் பின்புறக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். ஒரு மதியம் பாப்பா அதைத் தூசி தட்டி ஓட்டிப் பார்த்தாள். "கடைஞ்சு பாரேன், பொழுது போகும்" என்றார் அண்ணன்.

முதல் நாள் உளியை வைத்ததுதான் தாமதம், கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து தகரக் கூரையில் மோதியது. வீடே இடிந்ததென்று அண்ணி அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டாம் வாரம் மாவு தேய்க்கும் கட்டை ஒன்று தேறியது. ஒரு முனை பெருத்து, மறுமுனை இளைத்து, மாவைக் கோணலாகவே தேய்த்தது. பிறகு அலமாரிக் குமிழ்கள், ஒரு மத்து. உளியைச் சுழலும் கட்டையில் முதலில் உரச மட்டும் விட்டு, அப்புறம்தான் மெல்லச் சாய்க்க வேண்டும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். அண்ணன் ஒரு நாளும் உளி பிடித்துக் காட்டியதில்லை. சாயங்காலம் வருவார், செய்ததைத் தடவிப் பார்ப்பார், "பிரமாதம்" என்பார், போய்விடுவார்.

அந்த மத்தை அண்ணி பெருமையாகத் தையல் கடைக்கு எடுத்துப் போக, அங்கே துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு கடைக்காரம்மா கண்ணில் அது பட்டது. நகரத்தில் மரச்சாமான் கடையும் பட்டறையும் வைத்திருப்பவர். உடனே பாப்பாவுக்குப் போன் செய்தார்.

"மூடி போட்ட உப்பு டப்பா ஆறு செஞ்சு வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வாங்க. மூடி சரியா இருந்தா என் பட்டறையிலேயே வேலை. மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு, தங்கிக்கலாம்."

ரூம். அதற்கு ஒரு சாவி இருக்கும், அது தன்னிடம் இருக்கும். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவள் அதையே நினைத்தாள்.

கொட்டகையில் கிடந்த பழைய கட்டைகள் உளியோடு மல்லுக்கட்டின. பக்கத்து வீட்டில் அந்த வாரம்தான் ஒரு பெரிய கிளையை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கிக் கடைந்தாள். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. சுருள் நீளநீளமாக வந்தது, முகத்தில் ஈரம் தெறித்தது. கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், பாவம். மூன்றே நாளில் ஆறு டப்பா. மூடியைத் திறந்தால் 'டப்' என்று ஒரு சத்தம். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து மூடினார். "பிரமாதம் பாப்பா."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பஸ். டப்பாக்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க ஆசை வந்தது. கடைசி டப்பாவின் மூடியை இழுத்தாள். அசையவில்லை. திருகினாள். ம்ஹூம். வட்டமாகக் கடைந்த வாய் முட்டை வடிவத்துக்குப் போய் மூடியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"ஆறும் இறுகிடுச்சா பாப்பா?"

கொட்டகை வாசலில் அண்ணன். அவள் கையில் இருந்தது ஒன்று. மற்றவை துணிக்குள். அவற்றை அவளே இன்னும் திறந்து பார்க்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

"ஆறும்னு உனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "பச்சை மரம். காயக் காயச் சுருங்கும்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீ மொத டப்பா கடைஞ்ச அன்னைக்கே."

"திறந்து மூடிப் பாத்துட்டுப் பிரமாதம்னு சொன்னியே."

"சொல்லியிருந்தா காஞ்ச மரத்துல செஞ்சிருப்பே. போயிருப்பே." அவர் குரல் உடைந்தது. "நீ போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?"

கண்ணில் நிஜமாகவே நீர். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கழுத்தைப் பிடித்தவன் கெட்டவனாக இருந்தால் கடித்துவிட்டாவது ஓடலாம்.

"அந்தம்மாவுக்குப் போன் போட்டு, கட்டை காஞ்சதும் வரேன்னு சொல்லிடு" என்றார்.

"எவ்வளவு நாள்ல காயும்?"

"ஒரு வருஷம் ஆகும்."

ஒரு வருடம். முந்நூற்றறுபத்தைந்து பிரமாதம். காய்ந்த கட்டை அந்தக் கொட்டகையிலேயே கிடக்கிறது என்பதை இப்போதும் அவர் சொல்லவில்லை. அவள் அந்த டப்பாவையும் சுற்றிப் பையில் வைத்தாள்.

"திறக்காத டப்பாவ எடுத்துட்டுப் போய் என்னத்தைக் காட்டப்போறே?"

"தப்பைக் காட்டுவேன். எங்க தப்புன்னு எனக்குத் தெரியும்னு சொல்லுவேன்."

"வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"வேற பட்டறை தேடுவேன். திரும்பி வரமாட்டேன்ணே."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் வாசலிலேயே நின்றார். தடுத்தார் என்று சொல்ல முடியாது, விலகவில்லை, அவ்வளவுதான். கொட்டகைக்கு வேறு வழி கிடையாது. அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

"பாப்பா, பிள்ளைங்களுக்குச் சாப்பாடு கட்டிட்டியா? நேரமாச்சு!"

பழக்க தோஷத்தில் 'தோ வரேன்' என்று சொல்ல அவள் வாய் திறந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"நான் கட்டுறேன்" என்று அடுப்படிப் பக்கம் சத்தம் கொடுத்துவிட்டு, வாசலை விட்டு நகர்ந்து போனார்.