திரை என்ற சொல்

தம்பி, பூங்கா ரைடை இயக்கும் ஆப்பரேட்டரின் காலரைப் பிடித்து, தகன மண்டபத்துச் சுவரில் இரண்டாவது முறையாக மோதினான். மனிதர் கையைக்கூடத் தூக்கவில்லை. உடைந்த பல் ஒன்று தரையில் விழுந்தது. சொந்தக்காரர்கள் விடுப்பா விடுப்பா என்றார்களே தவிர, கிட்டே போக ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. உள்ளே அப்பா முகம் மட்டும் தெரியப் பெட்டியில் கிடந்தார். கழுத்துக்குக் கீழே துணியைப் பிரிக்க வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

அக்கா தூணோடு ஒட்டி நின்றாள். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அந்த ரைடை வடிவமைத்தவள் அவள்தான். இசை நாடகத்துக்கு ஒரு மரியாதை. ராஜா ராணி பொம்மைகள் பாட, நடுவே வண்டி ஊர்ந்து வரும். பாட்டு உச்சத்துக்குப் போனதும் திரை விலகி, வண்டி பாயும். பொம்மைகளின் பாட்டையும் கையசைவையும் சரிபார்க்க, நாற்பது வருடம் மேடையில் பாடிய அப்பாவையே அழைத்து வந்தாள். என்கூட நடிச்சவங்கள்லயே இதுங்கதான் சொன்ன பேச்சு கேக்குது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

நேற்று சோதனை ஓட்டம். ராணியின் கை சிக்கிக்கொண்டதென்று அப்பா யாரிடமும் சொல்லாமல் தண்டவாளத்தில் இறங்கிவிட்டார். வண்டி ஊர்ந்து வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஆப்பரேட்டருக்கு ஆள் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. "திரை!"

அவர் விசையை முழுக்கத் தள்ளினார்.

"நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்காரு. நீ வேகத்தைக் கூட்டியிருக்க." தம்பி முழங்காலால் வயிற்றில் இடித்தான். மடங்கி விழுந்த ஆப்பரேட்டர் அக்காவை ஒருமுறை பார்த்தார்.

"அவரை விடுடா," என்றாள் அக்கா. "திரைன்னா வண்டியை விடணும்னு எழுதிக் கொடுத்தது நான்."

மேடையில் திரை என்றால் இறக்கு, எல்லாம் நிற்கட்டும் என்று அர்த்தம். அதைக் கேட்டே வளர்ந்தவள். ஆப்பரேட்டருக்கான குறிப்புத் தாளில் வண்டி பாய வேண்டிய இடத்தில் 'விடு' என்றிருந்ததை அடித்துவிட்டு, அப்பாவின் சொல் ஒன்று இருக்கட்டுமே என்று ஆசையாக மாற்றினாள். திறப்பு விழாவன்று கேட்டு அசந்துபோகட்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.

தம்பி அவளை அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை, இன்னொன்று விழட்டும் என்று நின்றாள். அவனோ தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

பெட்டி உலைக்குள் போனது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ஊழியர் அவளைப் பார்த்தார். "கதவை இறக்கலாமாம்மா?"

"திரை," என்றாள்.

ஊழியருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

பின்னால் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்ற ஆப்பரேட்டர், "இறக்கச் சொல்றாங்க," என்றார்.