இடது உள்ளங்கால்

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியின் வாசலில் மலர்விழி தன் பள்ளி வேனை நிறுத்தியிருந்தாள். பிள்ளைகள் வெளியே வர இன்னும் நேரம் இருந்தது. செருப்புக்குள் கல் உறுத்துவது போலிருக்கவே, இடது காலை மடிமேல் தூக்கி வைத்துப் பார்த்தாள். கல் இல்லை. உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. அழுக்கென்று நினைத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து கால் கழுவியபோதே அதை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது மிளகு அளவுதான். இப்போது ஐந்து காசு நாணயத்தின் அளவுக்குப் பரவியிருந்தது. ஓரங்கள் கோணல்மாணலாக இருந்தன. ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் கன்னங்கரேலென்று.

கைப்பேசியில் தேடினாள். முதல் வரியிலேயே அந்த வார்த்தை வந்து நின்றது. சட்டென்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளைகள் ஏறிக்கொண்டு, "ஆன்டி, போலாம்!" என்று கத்தியபோதும் அவளுக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை.

அன்று மாலை கணவன் ஜெயராஜிடம் காலைக் காட்டினாள். கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் அவர் சோற்றுத் தட்டிலிருந்து ஒரு நொடிதான் நிமிர்ந்தார்.

"கிளட்ச் மிதிச்சு மிதிச்சு ரத்தம் கட்டியிருக்கும் லா."

"தோல் கேன்சரா இருந்தா?"

"அதெல்லாம் வெள்ளக்காரனுக்கு வர்றது. நம்ம தோலுக்கு வராது." பிறகு, மகள் யாழினியின் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மலரு, அந்த வார்த்தைய வெளிய விடாத. யாழினி நிச்சயதார்த்தம் வருது. குடும்பத்துல இந்த நோய் இருக்குன்னு கேட்டா அம்பாங் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பின்வாங்கிடுவாங்க. எல்லாம் முடியட்டும், அப்புறம் பாப்போம்."

மலர்விழி தலையாட்டினாள். மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டாள். ஆனால் குளிக்கப் போகும்போதெல்லாம் கதவைத் தாழிட்டு, சுவரில் சாய்ந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு நாள் திட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு கரும்புள்ளி தெரிந்தது. மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேனை நேராகக் கிள்ளானிலிருந்த ஒரு கிளினிக்குக்கு விட்டாள்.

டாக்டர் ஷபானா விளக்கை இழுத்து வைத்து, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

"வெயில்ல நின்னாதான் தோல் கேன்சர் வரும்பாங்க. நான் அவ்வளவா நிக்கிறதில்லயே, டாக்டர்?"

"இதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் கம்மி, அக்கா. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் இது அதிகமா வரும். யாரும் அங்க பாக்கறதே இல்ல. நீங்களாவது பார்த்தீங்களே." கடிதம் எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே தோலில் சிறு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வரும்வரை மலர்விழி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேன் ஓட்டினாள். யாழினி நிச்சயதார்த்தப் புடவையை மேலே போட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோது, கல்யாணத்துக்கு நான் இருப்பேனா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அழுகையை அடக்கமுடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அது புற்றுநோய்தான். ஆனால் மேல்தோலோடு நின்றிருந்தது. "உள்ள இறங்கல. சுத்தி வெட்டி எடுத்துடலாம். அப்புறமும் விடாம செக்கப் வரணும்," என்றார் அங்கிருந்த மருத்துவர். வீட்டில் இதைச் சொன்னபோது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் ஜெயராஜ் சொன்னார். யாழினிதான் விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே இருந்தாள். புண்ணை வெட்டியெடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டினார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று கட்டுப் பிரித்திருந்தாலும் மலர்விழி நொண்டிக்கொண்டுதான் நடந்தாள். மாப்பிள்ளை ஜீவனின் அம்மா இராஜம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"காலுக்கு என்னாச்சு, சம்பந்தியம்மா?"

"கண்ணாடி குத்திடுச்சு," என்று ஜெயராஜ் முந்திக்கொண்டார்.

மலர்விழி மகளைப் பார்த்தாள். சொல்லும்படி யாழினி லேசாகத் தலையசைத்தாள்.

"கண்ணாடி இல்லீங்க. தோல் கேன்சர். ஆரம்பத்துலயே பார்த்ததால எடுத்தாச்சு."

ஜெயராஜ் முகம் வெளுத்தது. இராஜம்மா எழுந்து வந்து மலர்விழியின் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. "கொஞ்சம் உள்ள வாங்க." சம்பந்தம் முறிந்தது என்று எண்ணியபடியே மலர்விழி பின்னால் போனாள்.

அறைக்கதவைச் சாத்திவிட்டு இராஜம்மா கட்டிலில் உட்கார்ந்தார்.

"நெயில் பாலிஷ் அழிக்கிறது இருக்கா?"

யாழினியின் மேசையிலிருந்து மலர்விழி எடுத்துக் கொடுத்தாள். கால் பெருவிரலின் சிவப்புப் பூச்சு மெல்லக் கரைந்தது. நகத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது நகத்தைத் தாண்டித் தோலிலும் இறங்கியிருந்தது.

"போன வருஷம் நூலு மாதிரி இருந்துச்சு. பயந்துட்டு பூசி பூசி மறைச்சேன். பையன் கல்யாணம் நின்னுடுமோன்னு..."

மலர்விழி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னன்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். எல்லா கறுப்பும் அதுவா இருக்காது. ஆனா பெருசாகுது, நிறம் மாறுதுன்னா காத்திருக்கக் கூடாது. மாசம் ஒருக்கா உள்ளங்கால், உள்ளங்கை, நகம் எல்லாத்தையும் நாமதான் பாக்கணும். நமக்கு எட்டாத எடத்த வீட்டுல இருக்கறவங்க பாக்கணும்."

பின்னாலேயே வந்து வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயராஜ், கதவைத் திறந்து அதில் கை வைத்தபடி நின்றார். அந்த நகத்தையே பார்த்தார். பிறகு மனைவியின் காலைப் பார்த்தார்.

"தப்பு என்மேலதான், மலரு," என்றார். "ஊரு என்ன சொல்லும்னு பயந்தேன். பயப்பட வேண்டியது நோய மூடி வைக்கிறதுக்குத்தான்." இராஜம்மா பக்கம் திரும்பினார். "கல்யாணத்த எப்ப வேணும்னாலும் வச்சுக்கலாம், சம்பந்தி. காலையில நானே கார் எடுத்துட்டு வரேன். டாக்டரப் பாத்துட்டு வந்துடுவோம்."